ஏழுக்கான லிவர்

அன்பு வாண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இதைப் போனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று பேச்சை மாற்றிவிட்டேன். அம்மா சைக்கிளில் போகும்போது மணலில் வழுக்கி விழுந்தாள், கை லேசாகப் பிசகிவிட்டது என்று அவளே உன்னிடம் சொன்னாள் அல்லவா. மணலும் இல்லை, வழுக்கலும் இல்லை. மணிக்கட்டு எலும்பு உடைந்தது. விழவைத்தது நான்.

நீ அனுப்பிய பின்சக்கரம் வந்து சேர்ந்த நாளிலிருந்து சொல்கிறேன். பெட்டிக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தாய், இதில் ஒன்பது பல்சக்கரம் இருக்கிறது, அம்மா சைக்கிளின் பழைய கியர் லிவர் ஏழுக்கானது, கடையில் காட்டி லிவரையும் மாற்றிய பிறகு ஓட்டச் சொல்லுங்கள் என்று. படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், அம்மாவிடம் காட்டவில்லை. முப்பது வருஷம் தையல் மிஷின் பழுது பார்த்தவனுக்கு ஒரு சைக்கிள் லிவர் எம்மாத்திரம் என்ற திமிர். சைக்கிளைக் கூடத்தில் தலைகீழாக நிறுத்தி இரண்டு நாள் அதனோடு மல்லுக்கட்டினேன். லிவர் ஏழு இடத்தில் டக் டக் என்று நிற்கிறது, செயினோ எந்தச் சக்கரத்தில் உட்காருவது என்று தெரியாமல் இரண்டுக்கு நடுவே கரகரவென்று உரசுகிறது. தபால் பையோடு மேடு ஏற அம்மாவுக்கு இருப்பதிலேயே பெரிய சக்கரம் வேண்டும், அது எட்டவே இல்லை. அதனால் கேபிளை இழுத்துக் கட்டினேன், அந்தப் பெரிய சக்கரத்தைத் தாண்டிப் போகாமல் செயினைத் தடுக்கிற சின்னத் திருகு ஒன்று உண்டு, அதையும் தளர்த்திவிட்டேன். கையால் பெடலைச் சுற்றினால் செயின் ஏறியது, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். அம்மா வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, என்னங்க, ஏதோ சத்தம் வருதே என்றாள். புதுசுல்ல, ஓட ஓடப் பழகிடும் என்றேன்.

திங்கட்கிழமை காலை தபால் கொடுக்கக் கிளம்பித் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறியிருக்கிறாள். பாதி மேட்டில் கியர் தானாகத் தாவியிருக்கிறது, எழுந்து நின்று மிதித்துக்கொண்டே லிவரைக் கடைசிவரை தள்ளியிருக்கிறாள். செயின் பெரிய சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழுந்து, சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. அவள் நடுச்சாலையில் விழுந்தாள், பின்னால் ரொட்டி வேன். ஓட்டுநர் பிரேக் போட்டு நிறுத்தியபோது வேனுக்கும் அவள் தலைக்கும் ஒரு கை நீளம்தான் இருந்ததாம். அவர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போன் செய்தார், அம்மா நல்லாப் பேசறாங்க, பயப்படாதீங்க சார் என்றார், ஆனால் அவர் குரல்தான் நடுங்கியது. டாக்டர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தெரியுதா என்று கேட்டார், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தெரியலை என்றாள். நரம்பு அழுந்தியிருக்கு, உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், மூணு வாரம் பார்ப்போம் என்றார். கட்டுக்கட்டாகத் தபால் பிரிக்கிற விரல்கள் அவை.

இதைவிடக் கேவலமானதை இப்போது எழுதுகிறேன். மறுநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு சைக்கிள் பழுதுக்கடை வைத்திருக்கும், ஊரே செயின் அக்கா என்று கூப்பிடுகிறவரிடம் போனேன், கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அம்மாவும் வந்தாள். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, எந்த மடையன் இந்தத் திருகைத் தளர்த்தினான் என்று கேட்டார். எனக்குத் தெரியலைங்க, பொண்ணு அனுப்பின சக்கரம், அதான் சேரலை போலிருக்கு என்று என் வாய் சொல்லிவிட்டது. திரும்பும் வழியில் அம்மா ரோட்டோரமாக நின்று, நான் விழுந்ததுக்குக்கூட எனக்குக் கோபம் இல்ல, பழியைப் பொண்ணு தலையில போட்டீங்களே என்றாள். அதன்பின் நாலு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

ஐந்தாம் நாள் உன் சீட்டை அம்மா கையில் கொடுத்தேன், பிறகு கடைக்குப் போய் அந்த மடையன் நான்தான் என்றேன். அக்கா சிரிக்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பழைய லிவர் ஒரு டக்குக்கு இழுக்கிற கேபிள் ஏழு சக்கரத்தின் இடைவெளிக்கு அளந்ததாம், ஒன்பது சக்கரம் நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொரு டக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிக்கொண்டே போகுமாம். இந்த லிவரிலேயே ஒரு வளையத்தைத் திருப்பினால் டக் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், அப்போது எத்தனை சக்கரத்துக்கும் சேரும், ஆனா சுமையோட மேடு ஏறுறவங்க, அதுவும் விரல்ல உணர்வு இல்லாதவங்க, தடவித் தடவிக் கியர் தேட வேணாம் சார் என்றார். ஒன்பதுக்கான லிவரும் புதுச் செயினும் போட்டோம். திருகை அவர் கண் முன்னால் நானே இறுக்கினேன்.

பதினெட்டாம் நாள் காலை டம்ளரைத் தொட்ட அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு, சுடுதுங்க என்றாள். கட்டைவிரல்! நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்ப்பதுபோல் வெகுநேரம் நின்றேன். ஆள்காட்டி விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து, நேற்று, பையில் தபாலின் எடைக்குப் பழைய செய்தித்தாள் அடுக்கி என்னை அந்த மேட்டுக்கு அழைத்துப் போனாள். முதல்ல நீங்க ஏறுங்க என்றாள். பாதி மேட்டில் முதுகுக்குப் பின்னால் லாரி ஹாரன் கேட்டது, லிவரைத் தள்ள என் விரல் வரவே இல்லை. பக்கத்தில் நடந்து வந்தவள் தள்ளுங்க என்றாள். தள்ளினேன். செயின் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்தது. உச்சியில் இறங்கியதும், தினமும் இப்படித்தான் ஏறுறியா என்று கேட்டேன். இருபது வருஷமா என்றாள். பிறகு சைக்கிளை வாங்கிக்கொண்டு, நீங்க மெதுவா நடந்து வாங்க என்று இறக்கத்தில் போயே விட்டாள்.

சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை, உன் மேல் துளிப் பழியும் இல்லை, இதை ராத்திரி பகல் நினைத்து மறுகாதே. உன் சைக்கிளின் பிரேக்கை மாதம் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டு. நீ நோய்நொடியில்லாமல், தொட்ட காரியம் துலங்கி நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். என்னைத் திட்ட வேண்டுமென்றால் வாயாரத் திட்டி எழுது, பரவாயில்லை அப்பா என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா