இரண்டு கட்டத்திலும் டிக்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். நாங்களும் சுகம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடலை. அப்பாவுக்குப் படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னேனே, போன வாரம் இதய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டாக்டர் யார் தெரியுமா, என்கிட்ட ஏழாம் வகுப்பு படிச்ச குட்டைப் பென்சில். நகத்தளவு தேயற வரைக்கும் பென்சிலை விடமாட்டானே, அவனேதான். இப்போ அவர்னு சொல்லணும், வாய் வரமாட்டேங்குது. பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆபரேஷனும் பண்ணலாம், மாத்திரையிலேயும் ஓட்டலாம், ரெண்டுலயும் ஆபத்து இருக்குன்னு பொறுமையாச் சொன்னான். சரிப்பா, எதைப் பண்ணலாம்னு கேட்டேன். அதை நான் சொல்லக்கூடாது டீச்சர், நீங்கதான் முடிவு பண்ணணும்னு ஒரு படிவத்தை நீட்டறான். எனக்குத் தலையும் புரியலை வாலும் புரியலை. இவனை டாக்டருக்குப் படிக்க வைங்கன்னு இவன் அப்பாகிட்ட சொன்னதே நான்தான். அந்த மனுஷன் ஏன்னுகூடக் கேட்கலை, டீச்சர் சொன்னா சரின்னு போனார். படம் வரையறதை விட்டுட்டு கம்ப்யூட்டர் படின்னு உன்கிட்டயும் அப்படித்தானே சொன்னேன். அப்போ அதுக்கு அக்கறைன்னு பேர், இப்போ அதிகாரம்ங்கறாங்க. அப்படின்னா இவன் சொல்லாம விட்டது மரியாதையா, கை கழுவறதா? ரெண்டும்தானோ என்னவோ.

நம்ம வீட்டுல எந்தப் படிவம்னாலும் நான் நிரப்புவேன், அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு ஒரு டிக் போட்டேன், பயம் வந்து மாத்திரைக்கும் ஒண்ணு போட்டு அப்படியே கொடுத்துட்டேன். ரெண்டு விடைக்கும் டிக் போட்ட பிள்ளைகளுக்கு முட்டை போட்டவ நான். நர்ஸ் சிரிச்சுக்கிட்டே புதுப் படிவம் கொடுத்தா. மாசக் கடைசிக்குள்ள கொடுக்கணும். போன்ல கேட்டா அழுதுடுவேன்னுதான் எழுதறேன், நீயாவது ஒண்ணைச் சொல்லு.

இதுவரைக்கும் எழுதிட்டிருந்தப்போ அப்பா வந்து என்ன எழுதறேன்னு கேட்டார். சொன்னேன். என்னை ஒருத்தரும் கேட்கலையேன்னார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாப் போச்சு. டாக்டர் என்னைப் பார்த்தான், நான் படிவத்தைப் பார்த்தேன், நெஞ்சுக்குச் சொந்தக்காரர் நடுவுல உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு எது வேணும்னு இப்போதான் கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு படிவத்தையும் என் பேனாவையும் வாங்கிட்டு உள்ளே போயிருக்கார். அதான் இந்த வரியெல்லாம் பென்சில்ல இருக்கு.

ரெண்டு பேரும் நல்லா இருங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க. மேலே ஒண்ணைச் சொல்லுன்னு கேட்டேனே, அவர் சொல்ற வரைக்கும் நீ சொல்லிடாதே.

பேனாவுக்காகக் காத்திருக்கிற
உன் அம்மா