மணல் பட்ட லென்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா?

எங்கள் கேமரா வாடகைக் கடையில் நேற்று ஒரு கூத்து. கடற்கரையில் படமெடுத்தவர் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். நீ மூக்குக்கண்ணாடியை வாயால் ஊதி முந்தானையால் துடைப்பாயே, அந்தப் பழக்கத்தில் நானும் ஊதிவிட்டுத் துப்பட்டா நுனியைக் கொண்டுபோனேன். பக்கத்து மேசைக்காரி கையைப் பிடித்துவிட்டாள்.

"ஐயோ, மணல் இருக்குடி! தேய்ச்சா கோடு விழுந்துடும். யாரு சொல்லிக்குடுத்தா?"

"எங்கம்மா."

சிரித்துக்கொண்டே அவளே ரப்பர் பம்பால் காற்றடித்து, மெல்லிய பிரஷ்ஷால் மணலைத் தள்ளி, துணியில் லென்ஸ் துடைக்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றித் துடைத்தாள். ஒரு கீறல் இல்லை. முதலாளியிடம் மூச்சுவிடவில்லை, புண்ணியவதி! அவள் இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான். உன் கண்ணாடிக்கென்று அதே மாதிரி துடைக்கும் துணி புதிதாக ஒன்றும் கொடுத்தாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

கடைக்கு நேரமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடி அப்புறம், முதலில் உன் போன் கேமராவைத் துடை. எண்ணெய்க்கை பட்டு, நான் இங்கே வந்த நாளிலிருந்து வீடியோ காலில் உன் முகம் மங்கலாகத்தான் தெரிகிறது. துடைத்த கையோடு கூப்பிடு.

உன் மகள்