தலைமாட்டில் இருந்த டாக்டரம்மா

வாசுகி அப்பா, என் ராசாவே,

உங்கள் தம்பி முருகேசு இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரப்பர் மலைக்குப் போகிறார். நீங்கள் கட்டினீர்களே, அதே மாதிரி. அதே குடலிறக்கம்தான். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்யச் சொல்லியும் நேற்றுவரை போகமாட்டேன் என்றே இருந்தார். நான் கத்தினால் சிரித்துக்கொண்டே ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொள்வார். உங்கள் வீட்டு ஆண்களுக்குப் பிடிவாதத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் மட்டும் என்ன? "வெட்டுற டாக்டரு வயித்தத்தான் பார்ப்பாரு. நான் மயங்கிக் கெடக்கிறப்ப என் மூச்ச யாருடி பார்ப்பா?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. குடல் சிக்கி உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது.

இப்போது என் சங்கதியைக் கேளுங்கள். கர்ப்பப்பையில் கட்டி, எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். எனக்கும் உங்கள் பயம்தான். வாசுகி அழுத அழுகையில்தான் வார்டில் போய்ப் படுத்தேன்.

ஒப்பரேஷனுக்கு முந்தின நாள் ஒரு டாக்டரம்மா வந்தார். வெட்டுகிறவர் இல்லை, மயக்க மருந்து கொடுக்கிறவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஊசி போடத்தான் வந்திருக்கிறார் என்று கையை நீட்டினேன். அவரோ, "வாயை வடிவாத் திறவுங்கோ அம்மா" என்றார். கட்டி வயிற்றில், பார்ப்பது வாயையா?

வெற்றிலை போட்டுப் போட்டு என் தாடை இறுகிப்போயிருக்கிறதாம். ஊரிலேயே பெரிய வாய் என்று என்னைக் கேலி செய்வீர்களே, அதில் இரண்டு விரல்கூட நுழையவில்லை!

"முழு மயக்கம் எண்டால் மூச்சுக்குக் குழாய் வைக்கோணும். உங்கட வாய்க்கு அது கஷ்டம். முதுகில ஊசி போட்டு நெஞ்சுக்குக் கீழ விறைக்கப் பண்ணுவம். நீங்கள் முழிச்சுத்தான் இருப்பியள்" என்றார்.

துணிந்து உங்கள் கேள்வியைக் கேட்டேன். "அப்ப என் மூச்ச யாருங்கம்மா பார்ப்பா?"

"நான்தான். அதுதான் என்ர வேலை. முடியும்வரைக்கும் உங்களை விட்டிட்டுப் போகமாட்டன்."

"எல்லாருக்கும் இப்படித்தாங்களா?"

"ஓம் அம்மா, எல்லாருக்கும்தான்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து, நர்ஸ் நோனா, அந்தச் சிங்கள அம்மா, தன் மொழியில் ஆறுதல் சொன்னார். உங்களுக்காகத்தான் அழுதேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

தியேட்டரில் நெஞ்சுக்கு நேரே ஒரு திரை கட்டினார்கள். டாக்டரம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து, என் முகத்தையும் பக்கத்துப் பெட்டியில் ஓடிய கோடுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் எனக்குக் கண் இருட்டியது, நெஞ்சுக்குள் என்னமோ வழுகியது. உங்களிடம்தான் வருகிறேன் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான் சொல்வதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார். "பிரஷர் இறங்குது, மருந்து போட்டிட்டன். என்னோட கதையுங்கோ அம்மா. ரப்பர் பால் எப்பிடி வெட்டுறது, சொல்லுங்கோ" என்று கன்னத்தில் கை வைத்தார். நான் குழறிக் குழறிச் சொன்னேன். மரப்பட்டையில் கத்தி வைப்பது வரைக்கும் வந்தபோது வெளிச்சம் திரும்பிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டேயிருந்தது. உங்களிடம் வராமல் போனதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று முருகேசு என்னைப் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பில் கட்டிய துணியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அண்ணி, எனக்கும் அந்த மாதிரி ஒருத்தங்க இருப்பாங்களா?"

"இருப்பாங்க தம்பி. அண்ணனுக்கும் இருந்திருப்பாங்க."

போகும்போது வாசலில் நின்று, "கிளினிக்குக்கு நீங்களும் வாங்க அண்ணி" என்றார்.

தையல் ஆறியதும் அவரை நானே பஸ் ஏற்றிக் கூட்டிப்போகிறேன். உள்ளே அவருடைய மூச்சைப் பார்க்க ஆள் இருக்கிறது. வெளியே வாங்கில் நான் உட்கார்ந்திருப்பேன். உங்கள் தம்பியை இப்போதைக்கு உங்களிடம் அனுப்பமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இன்னும் வாயாடிக்கொண்டிருக்கும் உங்கள் மனைவி,
வாசுகி அம்மா