பலகாரம் கேட்டவளுக்குச் சொன்ன பதில்

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

என் மகள் கலைச்செல்விக்கு உன் அம்மா மீனாட்சியம்மாள் எழுதுவது. இங்கே எனக்கும் உன் மகள் கோகிலவாணிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மஸ்கட்டில் வெயில் தணிந்ததா, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவர் இப்போதாவது உன்னைத் தூங்க விடுகிறாரா என்று விவரமாக எழுது.

எதிர்வீட்டு இசக்கிதுரை லீவு முடிந்து புதன்கிழமை அங்கே கிளம்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். நம் வீடு ஒரே அறை. நான் மெதுவாகப் பேசினால் உனக்குக் கேட்காது. உனக்குக் கேட்கிற மாதிரிப் பேசினால் நைன்டி ஃபீட் ரோடு வரைக்கும் கேட்கும்.

வாணி ஏன் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று நீ கேட்கும்போதெல்லாம் ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்று சொல்லிவைத்தேன். அது பொய். அவளுக்கு அவள் அப்பா விஷயம் தெரிந்துபோயிற்று. வெயிலுமுத்து வேற ஆளுக, உன்னைக் கட்டினதால்தான் அவன் வீட்டில் அவனை ஒதுக்கினார்கள், அவனைப் பெத்தவள் சங்கரன்கோவில் பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறாள், எல்லாமே தெரிந்துபோயிற்று. நான்தான் சொன்னேன். கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிடாதே, முழுசாகப் படி. நீயும் அவளும் பழையபடி பேச வேண்டும். அதற்காகத்தான் அஞ்சாம் கிளாஸ் கையெழுத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பக்கம் எழுதுகிறேன்.

முதலில் அவள் வேலை என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் இது புரியும்.

செம்பூர் தாண்டி அந்த யுனிவர்சிட்டியில் அவள் வெல்னஸ் ஆபீஸர் என்று தெருவில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் நான் சொல்லியாயிற்று. ஆனால் அப்படியென்றால் என்ன என்று யாராவது திருப்பிக் கேட்டால் எனக்கே பதில் தெரியாது. அதனால் அவளைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். பாடம் நடத்துகிற புரொபசரிலிருந்து புல்லு வெட்டுகிற மாலி வரைக்கும் அங்கே வேலை பார்க்கிற எல்லாரும் நல்லா இருக்காங்களா என்று பார்ப்பதுதான் வேலையாம். நல்லா இல்லைன்னா என்னட்டி செய்வே என்றேன். நல்லா இருக்க வைப்பேன் ஆச்சி என்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் நாற்காலியை விட்டு எழுப்பிக் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொல்வாளாம். படித்த ஆம்பளைகள் வரிசையாக நின்று திருப்புவார்களாம். புதன்கிழமை சிரிப்பு வகுப்பு. யாரைப் பார்த்துச் சிரிப்பாங்க என்றேன். யாரையும் பார்த்து இல்லை, சும்மாவே சிரிக்கணும் என்றாள். நம் தெருவில் ஒருத்தி சும்மா சிரித்தால் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அங்கே சிரிக்க வைக்கிறதுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று கேள். மனசில் உள்ளதைப் பேசுவதற்கென்றே ஒரு அறை இருக்கிறதாம். ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருப்பாளாம். யார் போய் எதைச் சொன்னாலும் அது வெளியே வராதாம். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. ஒரு நாளைக்கு அத்தனை பேர் கதையைக் கேட்டுவிட்டு ஒரு பொம்பளை எப்படி வீட்டுக்குப் போய்ச் சும்மா இருப்பாள்? அவளுக்குச் சோறு இறங்குமா? வாணி சிரித்தாள். உன்னை அந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க ஆச்சி என்றாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று அடுத்த வாரமே தெரிந்தது.

அன்றைக்கு ஆபீஸ் விட்டு வந்து சோற்றில் கை வைத்தவள், நம்ம கம்யூனிட்டியோடது என்ன ஆச்சி, வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல எல்லாரும் போடணும் என்று கேட்டாள். கலைச்செல்வி, நீயே சொல். கம்யூனிட்டி என்றால் நமக்கு என்ன? ஊரில் தாசில்தார் ஆபீஸில் முத்திரை குத்தி வாங்குவோமே, அதுதானே? போதாததற்கு அன்றைக்குத்தான் டீவியில், அடுத்த ஜனத்தொகைக் கணக்கில் ஜாதியும் கேட்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். போடணும் என்றால் பேப்பரில் போடணும் என்று எடுத்துக்கொண்டேன். சர்க்கார் பேப்பரில் அப்பா வழியைத்தானே கேட்பார்கள் என்று எனக்குப் பதற்றம். யோசிக்காமல், அப்பாவோடதா அம்மாவோடதா என்று கேட்டுவிட்டேன்.

அவள் கை தட்டிலேயே நின்றுபோயிற்று. ரெண்டும் வேற வேறயா என்றாள்.

அதற்குமேல் எதை மூடுவது? ஒன்றைக் கேட்டாள், அதற்குப் பதில் சொன்னால் அடுத்ததைக் கேட்டாள். இசக்கிதுரை கோயில் கொடைக்கு ஊருக்குப் போனபோது வெயிலுமுத்துவைப் பெத்த அந்தக் கிழவியைச் சந்தையில் பார்த்தான் என்பதை உனக்கே நான் சொல்லவில்லை. அதுவும் வாயிலிருந்து வந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு வாணி எழுந்து கையைக் கழுவினாள். ஆச்சி, நான் பலகாரம்தான் கேட்டேன் என்றாள். ஆபீஸில் கம்யூனிட்டி டேபிள் என்று பெரிய மேஜை போடுவார்களாம், ஆளுக்கொரு வீட்டுப் பலகாரம் கொண்டுவந்து அதன்மேல் போட வேண்டுமாம். உளுந்தங்களியா அதிரசமா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் உன் கல்யாணக் கதை முழுவதையும் சொல்லி முடித்திருந்தேன்.

அதிலிருந்துதான் உன் போனை எடுப்பதில்லை. உன் படம் போனில் வந்தால் பார்க்கிறாள். அது அடித்து ஓயும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எடுட்டி என்பேன். வீடியோவில என் முகத்தைப் பார்த்துக்கிட்டே அப்பாவுக்கு யாரும் இல்லைன்னு அம்மா எப்படிச் சொன்னாங்க என்பாள். உன் அப்பன் செத்தபோது நீ மூணு வயசுப் பிள்ளை, ஒரு சனம் எட்டிப் பார்க்கலை, அந்த ஆத்திரத்துல உன் அம்மா சொன்னா என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அதை அம்மா சொல்லட்டும் என்றாள். ஆனால் கேள்வி மட்டும் ஓயவில்லை. அந்த ஆச்சி என்னைவிட உயரமா, எப்படிப் பேசுவாங்க, வீட்டில் என்ன சமைப்பாங்க என்று துளைத்தெடுத்தாள். எனக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அப்ப உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு தோணவே இல்லையா ஆச்சி, அடுத்த வீட்டுக் குழம்பு வரைக்கும் விசாரிப்பியே என்றாள்.

இதற்கு நடுவில் மாரீஸ்வரி போன் பண்ணினாள். உனக்குத் தெரியும், நம் வெயிலுமுத்துவோடு வேலை பார்த்தவனின் பெண்டாட்டி, அந்த யுனிவர்சிட்டியில்தான் கூட்டித் துடைக்கிற வேலை. என்ன அத்தை, உங்க பேத்தி எங்க ஜாதியை மேஜைமேல எழுதி வைக்கச் சொல்லுதாளாமே, எங்க செட்டுல ஒருத்தியும் வரமாட்டோம்னு சொல்லிருங்க என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், நான் ஒருத்தி மட்டும் முட்டாள் இல்லை என்று. வாணியிடம் சொன்னேன். அரே பாப்ரே என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுநாளே கம்யூனிட்டி டேபிள் என்று வைத்திருந்த போர்டை எடுத்துவிட்டு, வீட்டுச் சாப்பாடு என்று இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் எழுதி வைத்தாளாம். தமிழ் எழுத்து சரியா என்று என்னிடம் காட்டினாள். சா-வுக்குக் கால் போடாமல் விட்டிருந்தாள். போட்டுக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. அவள் என்ன பலகாரம் கொண்டு போகிறாள் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை, வீட்டில் அடுப்பும் மூட்டவில்லை. அப்புறம் நான் எப்படி வீட்டில் இருப்பேன்? டப்பாவில் கிடந்த அதிரசத்தைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு சூனாபட்டியில் ட்ரெயின் ஏறி, செம்பூரில் இறங்கி, ரிக்‌ஷா பிடித்துப் போய்விட்டேன். வாசலில் செக்யூரிட்டி யாரைப் பார்க்கணும் என்றான். ஆபீஸரை என்றேன். எந்த ஆபீஸர் என்றான். என் பேத்தி என்றேன். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டி உள்ளே விட்டான்.

மரத்தடியில் வரிசையாக மேஜை. என்னென்ன இருந்தது தெரியுமா? பாக்ரி ரொட்டியும் பச்சைமிளகாய்ச் சட்னியும், அவியல், மீன் வறுவல், வாழையிலையில் சுட்ட ஏதோ ஒரு வடக்கத்திப் பலகாரம். கூட்டித் துடைக்கிற பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். மாரீஸ்வரி களி கிண்டிக் கொண்டுவந்திருந்தாள், நல்லெண்ணெயைக் குறைத்துவிட்டாள். ஒரு பக்கம் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், எனக்கும் பார்த்தார்கள். அந்தப் பேசுகிற அறையையும் எட்டிப் பார்த்தேன். ரெண்டு நாற்காலியும் கண் துடைக்கிற பேப்பரும்தான். நீ இதுக்குள்ள வந்து பேசியிருக்கியா என்று மாரீஸ்வரியைக் கேட்டேன். தரை துடைக்கப் போவேன் அத்தை, அப்ப அது நல்லாத்தான் காது கொடுக்குது என்றாள். அவள் வாய் உனக்குத் தெரியுமே.

வாணிக்கு மேலே ஜம்பு சார் என்று ஒருத்தர், மாட்டுங்காவிலிருந்து வருகிறவர், நம் பாஷைதான். நல்ல மனுஷன். உங்க பேத்தி கெட்டிக்காரி மாமி, நீங்க திருநெல்வேலியில எந்தப் பக்கம் என்றார். எந்தப் பக்கம் என்றால் எதைக் கேட்கிறார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நைன்டி ஃபீட் ரோடு பக்கம் சார் என்றேன். வாணி திரும்பி என்னைப் பார்த்தாள். இதற்கு முன்னால் இப்படி ஒருத்தர் கேட்டிருந்தால் அவளே ஊர் பேரைச் சொல்லியிருப்பாள். இப்போது அந்தக் கேள்விக்குள் இருப்பது அவளுக்கும் கேட்கிறது.

அவள் என்ன வைத்திருந்தாள் என்று சொல்கிறேன். வெயிலுமுத்து பேர் வெட்டின எவர்சில்வர் தட்டு, நீ பரணில் போட்டுவைத்தாயே, அதைத் தேய்த்துக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்திருந்தாள். என் அப்பா வீட்டுச் சாப்பாடு என்று முன்னால் ஒரு சீட்டு. தட்டில் ஒன்றும் இல்லை. ஆபீஸர் வெறும் தட்டை வைத்திருக்கிறாள் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? அதிரசத்தைப் பிரித்து அதில் வைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் எங்கேயோ பார்ப்பது போல் நின்றார்கள்.

அப்போது மாலி வேலை பார்க்கிற ஒரு பெரியவர், மராத்திக்காரர், தாமதமாகத் தட்டோடு வந்தார். வரிசையாக வாங்கிக்கொண்டு வந்தவர் அந்தத் தட்டைப் பார்த்து, சம்பலா கா, தீர்ந்துபோச்சா, எனக்கு ஒரு வாய் வைக்கலையே என்று குறைப்பட்டார். வாணி சிரித்துவிட்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. தீரலை காகா, இன்னும் வரவே இல்லை என்றாள். வந்தால் எனக்கு எடுத்து வை என்று சொல்லிவிட்டு அவர் மீன் பக்கம் போய்விட்டார்.

திரும்பி வரும்போது ட்ரெயினில் உட்கார இடம் கிடைத்தது. போனை எடுத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். என்னட்டி அது என்று எட்டிப் பார்த்தேன். தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகிற நாகர்கோவில் வண்டி. அந்த ஆச்சியைப் பார்க்கணும் என்றாள். கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வாய் என்றேன். வாசல்ல நின்னு என்ன குழம்புன்னு மோந்து பார்த்துட்டு வந்துடுவேன் என்றாள். என் வயசைக் கேட்டாள், சொன்னேன். அதைத் தட்டிவிட்டு, அம்மாவுக்கு இப்ப என்ன வயசு ஆச்சி என்றாள். எதுக்கு என்றேன். டிக்கெட்டுல போடணும் என்றாள்.

இந்தத் தடவை போடணும் என்பதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேன். மூணு டிக்கெட், நடுவில் உன் பேர். உன்னிடம் சொல்லாதே என்று என்னிடம் அவள் சொல்லவில்லை. என்னிடம் ஒன்றைச் சொன்னால் அது எங்கே போகும் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.

ஆகையால் உன் முதலாளியம்மாவிடம் லீவு கேள். மூணு வருஷமாக நீ கேட்கவே இல்லை. தர மாட்டேன் என்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல், நான் இருமிக் காட்டுகிறேன். வாணியிடம் போனில் ஒன்றும் விளக்க வேண்டாம். வருகிறேன் என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பு. வண்டி ஒரு பகலும் ரெண்டு ராத்திரியும் போகும். எதிர் எதிராக உட்கார்ந்து நீ ஏன் மறைத்தாய் என்று அவளிடம் நீயே சொல். நான் கீழ் பெர்த்தில் காதைப் பொத்திக்கொண்டு படுத்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் பொத்துவேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

நீ அந்த வண்டியில் ஏறும் வரைக்கும் உச்சினிமாகாளி உன்னைப் பார்த்துக்கொள்வாள். ஏறின பிறகு நாங்கள் ரெண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம்.

உன் வரவை நினைத்திருக்கும்
அம்மா,
மீனாட்சியம்மாள்.