பன்னிரண்டாம் காம்பராவின் இரண்டு வரிகள்

ஜூன் 11
இன்றைய கூட்டத்தில் என்னோடு வேலை செய்யும் பர்ஹானின் திரை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வரைபடம். மண்சரிவு அபாயமுள்ள தொழிலாளர் வரிசை வீடான லயத்தைத் தொட்டால் குடும்பங்களின் பெயர்கள் விரிகின்றன. செயலி அவனுடையது, உள்ளே இருக்கும் தரவு என்னுடையது. புது வீட்டுக்கு 64 குடும்பங்கள். பட்டியலில் கையெழுத்தும் விழுந்தாயிற்று. பதுளைக்கு வந்தபின் முதல் பாராட்டு!

ஜூன் 19
ஹாலிஎலவில் பஸ் இல்லை. நடந்தே நனைந்தேன்.

ஜூன் 24
தோட்டத்திலிருந்து நிஷாந்தினி கைக்குழந்தையோடு அலுவலகம் வந்தாள். "பன்னெண்டாம் காம்பராங்க. மாமனார் நல்லையா பேரு இருக்கு, எங்க பேரு இல்லைங்களே மிஸ்? நீங்கதானே வந்து எழுதிட்டுப் போனீங்க?"

எழுதினேன். பிறகு நானே அழித்தேன். ஒரே காம்பரா, அதாவது லயத்து அறை இலக்கம், இரண்டு வரியில் வந்ததும், இருமுறை பதிவாகிவிட்டதென்று இரண்டாவதை நீக்கினேன். இப்படி எத்தனை காம்பரா! மகன் கல்யாணம் முடித்தால் குறுக்கே பலகை அடித்து இரண்டு குடும்பமாவது எனக்குத் தெரியாதா? பலகைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள்தானே நான். படிச்சுக் கிழிச்சேன்!

ஜூன் 25
யார் யாரை அழித்தேன் என்று பார்க்கவே வழியில்லை. அதே கோப்பின் மேல் சேமித்திருக்கிறேன். கணக்கெடுத்த டெப்லெட்டுகளையும் துடைத்தாயிற்று. பர்ஹான் கோபிக்கவில்லை, அதுதான் சுட்டது. "மூலக் கோப்பத் தொடாம வெச்சி, திருத்தினதெல்லாம் கணினிக்குக் கட்டளையா எழுதியிருந்தா ஒரு தட்டுல திரும்ப வந்திருக்கும்" என்றான்.

ஜூலை 8
லீவு போட்டு லயம் லயமாக ஏறி எழுதி முடித்தேன். விடுபட்டவை 23 குடும்பங்கள். இம்முறை காம்பராவுக்கு ஓர் அட்டவணை, குடும்பத்துக்கு வேறோர் அட்டவணை. மூலக் கோப்புக்குப் பூட்டு.

ஜூலை 10
மேலதிகாரி செல்வரத்தினம்: "பட்டியல் மூடியாச்சு பிள்ளை. அடுத்த கட்டத்தில பாப்பம்." எப்போது என்று கேட்டேன். தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

ஒக்டோபர் 3
வீடு கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் என்று எழுதி வாங்கினார்கள். நல்லையா ஒப்பமிட்டு, சாவியை மருமகளிடம் நீட்டிவிட்டார். "ஒரு குடும்பம்னா அது புள்ளக்குட்டிக்காரங்களா இருக்கட்டும். நான் பழைய காம்பராவுலயே கெடக்குறேன்."

என்னால் வந்தது.

நவம்பர் 19
மூன்றாம் நாளாக மழை. அபாய லயங்களுக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்பினோம். இப்போது கட்டளைகளை எத்தனை முறை ஓட்டினாலும் தரவு அதே விடையைத் தருகிறது. பன்னிரண்டாம் காம்பராவுக்கான செய்தி, பதிவின்படி இன்னும் அங்கேயே இருக்கும் நிஷாந்தினிக்குப் போனது. அவள் புது வீட்டில் பத்திரமாக இருக்கிறாள். நல்லையா பெயருக்கு நேரே 'குடியமர்த்தப்பட்டார்' என்று இருக்கிறது. அவருக்குச் செய்தி இல்லை.

உண்மையைப் பதிந்தால் வீடு பறிபோகும். பதியாமல் விட்டால்—

என் போனிலிருந்து அழைத்தேன். "மாமா, மேல் லயத்துல இருக்காதீங்க. ஸ்கூலுக்குப் போயிருங்க."

"மழ விட்டுருச்சு தாயி" என்றார்.

அவர் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.