ராஜாவைப் பற்றிக் கம்ப்யூட்டர் கேட்டது

உத்தமபாளையம்
28.6.2009

அன்பு மகன் ஷானவாசுக்கு அம்மா சாபிரா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லோருக்கும் உடம்புக்குக் குறையில்லை, நீயும் அந்த ஷார்ஜா வெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். மனசுதான் இரண்டு வாரமாகச் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் தம்பி ராஜா சக்கர நாற்காலியோடு என் பக்கத்திலேயே இருக்கிறான், அவனைப் பற்றி அவன் காதுபட எப்படிப் பேச, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்புக்குப் போனதிலிருந்து பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு புகார். சொன்னதை எழுதுவதில்லையாம், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறானாம், அவசரப்படுத்தினால் பேனாவைத் தூக்கி எறிகிறானாம். தசைச் சிதைவு நோய் காலில்தானே, வாயிலுமா என்று ஹெட்மாஸ்டர் என்னிடமே கேட்டார். வகுப்பு வாத்தியார் ஜேசுராஜ் நல்ல மனுஷர், அவர்தான் விவரம் சொன்னார், இந்த நோய் உள்ள பிள்ளைகளில் சிலருக்குப் படிப்பிலும் பழக்கவழக்கத்திலும் சிரமம் வருமாம், தேனியில் முகாம் நடக்கிறது, கம்ப்யூட்டரில் சோதித்துத் தாள் கொடுப்பார்கள், அது இருந்தால் கூடுதல் நேரம் கொடுத்து இவனை வைத்துக்கொள்ளலாம் என்று. இல்லாவிட்டால் டி.சி.தான் என்பது ஹெட்மாஸ்டர் பேச்சு.

உன் அத்தா அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதலில் பெற்றவர்களிடம் கேள்வி கேட்பார்களாம், அதில் சிரமம் தெரிந்தால்தான் பிள்ளையைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்களாம். அபிதா என்று ஒரு பெண் திரையைப் பார்த்து வாசித்திருக்கிறாள், பின்னால் பெஞ்சு நிறைய நம் பக்கத்து ஆட்கள், உன் அத்தா எல்லாக் கேள்விக்கும் அப்படியெல்லாம் இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். ஆயுசு பூராவும் திராட்சை வியாபாரம் செய்தவர்கள், நாலு பேர் முன்னால் தன் கூடையில் ஒரு பழம் புளிப்பு என்று சொல்லிப் பழக்கமுண்டா, பிள்ளையையும் அப்படியே விற்றுவிட்டு வந்தாயிற்று. முகாமில் சிரமம் ஏதும் இல்லை என்று தாள் கொடுத்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, அப்ப இது வெறும் திமிருதான், திங்கக்கெழம வந்து டி.சி. வாங்கிக்கங்க என்று முடித்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுபடி போவோம் என்றால் உன் அத்தா, ஊருச்சனம் பூரா இருக்கையில எம்புள்ளைய நானே கொறை சொல்லவா என்று முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார்கள். படுங்கள் என்று சொல்லிவிட்டு நேற்று நானே கிளம்பினேன், முகாமுக்கு அது கடைசி நாள். ஆட்டோக்கார கர்ணன்தான் ராஜாவைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தான். கேள்வி முடியும்வரை ராஜாவை வெளியே இருக்கச் சொல்லலாம் என்றால் என் முந்தானையை விடவில்லை. அபிதா கேட்கக் கேட்க நானும் உள்ளதைச் சொன்னேன். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டானா, ஆமாம். இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் ஒன்றை மறந்துவிடுவானா, ஆமாம். மற்ற பிள்ளைகளோடு சேரச் சிரமப்படுவானா, அதற்கும் ஆமாம். ஒவ்வொரு ஆமாமுக்கும் அவன் முகத்தைப் பார்க்கவே பயந்தேன், பெற்றவளே இப்படிச் சொல்கிறாளே என்று நினைப்பானே. எல்லாம் முடிந்ததும் அவன் அபிதாவிடம், அக்கா இதெல்லாம் என்னையப் பாத்து எழுதுனதா என்று கேட்டான். இல்லப்பா, உன்ன மாதிரி நெறையப் பிள்ளைகளப் பாத்து எழுதுனது என்றாள். அப்ப என்னைய மாதிரி இருக்காகளா என்றான், ஆமாம் என்றாள், திரும்பவும் அதையே கேட்டான், திரும்பவும் கேட்டான், அவளும் சலிக்காமல் ஆமாம் சொன்னாள். அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினான். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுவிட்டேன்.

புதுத் தாள் கையில் இருக்கிறது. சிரமம் இருக்கிறது, சேர்த்துச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும், யோசிக்க நேரம் விடவேண்டும் என்று அதில் இருக்கிறது. முதல் தாள் பொய்யா இரண்டாவது பொய்யா என்று ஹெட்மாஸ்டர் கேட்டால் என்ன சொல்வது என்று பயமாக இருக்கிறது. உன் அத்தா தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்கள். பிறகு நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்கள். நீ துஆ செய்.

நீயும் ஒன்று கேட்டுக்கொள். தம்பி போனில் பேசமாட்டேன் என்கிறானே, பாசம் விட்டுப்போச்சா என்று கோபித்தாயே. நீ சாப்பிட்டியா, படிச்சியா, என்ன வாங்கிட்டு வரட்டும் என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மாகிட்ட குடு என்கிறாய். வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது ஒன்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இரு, காசு ஓடினால் ஓடட்டும். என்ன வேண்டும் என்று நீ நோன்புப் பெருநாளில் கேட்டதற்கு அவன் இன்னும் பதில் வைத்திருக்கிறான், நான் கேட்டால் சொல்லமாட்டானாம், அண்ணனிடம்தான் சொல்வானாம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிம்மதியும் தருவானாக. தலைக்குத் துணி கட்டாமல் வெயிலில் நிற்காதே.

உன் அம்மா
சாபிரா