எலுமிச்சம்பழம் போட்ட கோல்

பிப்ரவரி 8, ஞாயிறு

எங்கள் பல்கலைக்கழக ரோபோ கால்பந்து அணியின் வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுதி, இன்று அடையாறு போய்க் கொடுத்தேன். அதன் முதல் பயிற்சியாளன் நான்தான். இப்போதைய கேப்டன் பிரியா படித்துவிட்டுக் கேட்டாள்:

"சார், எலுமிச்சம்பழம் எங்க? மேட்ச்னா கோலுக்குப் பின்னாடி ஒண்ணு வைக்கிறோம். சீனியருங்க வச்சாங்க, நாங்களும் வைக்கிறோம். ஏன்னு யாருக்கும் தெரியல!"

வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். முதல் போட்டியன்று, சக்கரத்தடியில் நசுக்கச் சொல்லி என் மனைவி ஜானகி ஒரு பழம் கொடுத்தனுப்பினாள். சாண் உயர ரோபோ அதை நசுக்கவில்லை. பந்து என்று நினைத்து உருட்டிக்கொண்டே போய் கோலுக்குள் தள்ளிவிட்டது. அரங்கமே சிரித்தது. அச்சில் வந்தால் ஜானகியைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று பயம். அவளிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

மயிலாப்பூர் திரும்பியதும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அப்போ முதல் கோல் நம்மாத்துப் பழம் போட்டதா? என் பேரைப் போட்டே எழுதுங்கோ!"

எழுதிவிட்டேன். அந்த கோல் செல்லாது என்று நடுவர் சொன்னதையும் முறைப்படி எழுத வேண்டும். எழுதப்போவதில்லை.